பந்தியிலும் பத்தியம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. நம் மேட்டுப்பாளையத்துக் கல்லாறு அல்ல. இது கேரளத்துக் கல்லாறு. உருண்டு திரண்ட கற்களுக்கிடையே தெளிந்த நீர் ஓடும். அதைத் தாண்டினால் பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திக் கால் நனைத்துச் செல்லும் அந்த ஊருக்கு நான் வேலையின் நிமித்தம் சென்றேன். அலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களைப் பரிசோதிப்பது என் தொழில். மாதத்தில் பாதி நாள் சென்னையில் வீடு. மீதி நாள் பேருந்தும் விடுதியும்.

கல்லாற்றுக்கு இரண்டு முறை சென்றேன். முதல் முறை என் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. இரண்டாம் முறை கர்த்தர் எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தார். பத்தியம் இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, பந்தியில் மௌனமாய்ப் புசிக்கும் தேவபிள்ளைகள் நம் சபைகளில் அநேகர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அன்பின் விருந்து

என் சிறுநீரகங்கள் பெருமளவு பழுதடைந்தவை. டயாலிசிஸ் செய்யும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் உப்பும் பொட்டாசியமும் குறைந்த பத்தியத்தைத் தவறாமல் கைக்கொள்ளும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கல்லாற்றில் எங்கள் போதகர் மூலம் அறிமுகமான ஒரு விசுவாசக் குடும்பத்தார், விடுதியில் தங்க என்னை விடவில்லை. போய் இறங்கியதும் இளநீர். மதியம் கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். மாலையில் நேந்திரம்பழப் பஜ்ஜி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீரும்படி மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது அக்கிழங்கே அந்நாட்டு மக்களைத் தாங்கியது. அப்படிப்பட்ட உணவை அன்போடு பரிமாறும்போது வேண்டாம் என்று சொல்ல நாவு எழும்பவில்லை.

மெல்லிய குரலில், "எனக்குப் பத்தியம் உண்டு" என்றேன். அந்த வீட்டுச் சகோதரர் புன்னகைத்து, "பிரதர், முன்னால் வைப்பதைச் சாப்பிடச் சொல்லி ஆண்டவரே சீஷர்களை அனுப்பினாரே! ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். அவிசுவாசி என்று எண்ணிவிடுவாரோ என அஞ்சினேன். மூன்று நாளும் வைத்ததையெல்லாம் புசித்தேன். குற்றம் அவருடையதல்ல; என்னுடையதே.

மூன்றாம் நாள் இரவு கால்கள் பஞ்சுபோல் துவண்டன. நெஞ்சு தாறுமாறாய்த் துடித்தது. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய பொட்டாசியம் எனக்கு 7-ஐத் தொட்டிருந்தது. இருதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசியும், பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோசும் செலுத்தினார்கள். "தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும்" என்றார் மருத்துவர்.

பொட்டாசியம் விஷமல்ல, தசைகளும் இருதயமும் இயங்க அது அவசியம். மிஞ்சியதை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முழுமையாய் இயலாது. 100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம். அதே எடையுள்ள வெள்ளைச் சோற்றிலோ சுமார் 35 மில்லிகிராம்தான். பிறருக்கு ஆரோக்கியம் தரும் இளநீரே எனக்கு ஆபத்தாயிற்று.

வேதம் என்ன சொல்லுகிறது?

மருத்துவமனைக் கட்டிலில் வேதத்தைத் திறந்தேன். முன்வைப்பதைப் புசிக்கச் சொன்ன அதே பகுதியில் (லூக்கா 10), வீட்டுக்கு வீடு மாறாதிருக்கும்படியும் ஆண்டவர் சொல்லுகிறார். இதைவிட நல்ல சாப்பாடு எங்கே என்று தேடி அலையாமல், ஏழையின் கூழையும் நன்றியோடு ஏற்கவேண்டும் என்பதே அதன் பொருள். நோயாளி தன் சரீரத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டும் என்பதல்ல. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனும் வசனத்தைக் காட்டித்தான் பேசினான் (மத்தேயு 4). ஆண்டவர் குதிக்கவில்லை. நானோ மூன்று நாளும் குதித்துக்கொண்டிருந்தேன்.

எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டுகள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்களித்தார். ஆயினும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் மருந்தும் அங்கே பகையாகவில்லை.

தானியேலின் நடக்கையும் எனக்கு வழிகாட்டியது. அவர் விலக்கியது மார்க்க வைராக்கியத்தினால். நான் விலக்குவது நோயினால். ஆனாலும் அவர் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். அரண்மனைச் சாப்பாட்டை இகழவில்லை, பரிமாறியவரோடு சண்டையிடவில்லை. முன்கூட்டியே தாழ்மையாய் அனுமதி கேட்டார். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றார்.

இரண்டாம் பயணம்

அடுத்த ஆண்டு மீண்டும் கல்லாற்றில் வேலை. இம்முறை புறப்படுமுன் இரத்தப் பரிசோதனை செய்தேன். தொலைபேசியில் அந்த வீட்டு அம்மச்சியிடம், "எனக்குச் சோற்றுக்கஞ்சி போதும், உப்பு போடவேண்டாம், இளநீரும் நேந்திரம்பழமும் கப்பையும் ஆகாது" என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "மோனே, அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கக்கூடாதா?" என்று தழுதழுத்தார். அவர் வைத்த கஞ்சியும், வேகவைத்து நீர் வடித்த முட்டைக்கோஸும் எனக்கு ராஜ விருந்தாயிற்று.

வேலைக்காகப் பயணம் செய்யும் பத்தியக்காரருக்குச் சில ஆலோசனைகள்:

மருத்துவர் தந்த பட்டியலை, போகும் ஊரின் மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

காய்களைச் சிறிதாய் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. உப்புக்குப் பதிலாக விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிக்கு அது கண்ணி.

கொழுப்பு குறையும் என்று இரும்பன் புளிச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த 10 பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது.

உபவாசம் இருக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். உபவாசத்தை இளநீரிலோ பழச்சாற்றிலோ முடிக்கும் வழக்கமும் எல்லாருக்கும் பொருந்தாது.

பத்தியம் ஆளுக்கு ஆள் வேறுபடும். டயாலிசிஸ் செய்வோருக்குப் புரதம் கூடுதலாய் வேண்டும். எனக்கோ அளவாய் வேண்டும். ஆகவே என் பட்டியலை நீங்கள் பின்பற்றவேண்டாம்.

பேருந்து நிறுத்தத்தில்

புறப்படும் காலையில் அந்தச் சகோதரர் என் பையைச் சுமந்துகொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். ஆற்றைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிரதர், எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஜெபித்த பிறகு மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆயிற்று. வீட்டிலும் தெரியாது. இப்போது கண் மங்குகிறது. போய்ச் சோதித்தால் தேவனுக்குத் துக்கம் உண்டாகுமோ?"

"சுகமாகியிருந்தால் சோதனைத் தாளே சாட்சி சொல்லும். இல்லாவிட்டால் மாத்திரையைத் தந்தவரும் அவரே" என்றேன். அங்கேயே கைகோர்த்து ஜெபித்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மாத்திரை மீண்டும் தொடங்கியிருந்தது. கண்ணுக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பத்தியக் கஞ்சி" என்று பின்னாலிருந்து அம்மச்சி சிரித்தார். மற்றொருவர் நானாம், அடுத்த வருகைக்கு என் பங்கையும் அவர் எண்ணி வைத்துவிட்டார்!

பிரியமானவர்களே, விருந்தினர் வரும்போது, "உங்களுக்கு ஆகாதது எது?" என்று முதலில் கேளுங்கள். விருந்தினராய்ச் செல்லும்போது வெட்கமின்றிச் சொல்லுங்கள். நம் சரீரம் பரிசுத்த ஆவியானவரின் ஆலயம் அல்லவா? போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஆமென்.