தோட்ட நிலத்தில் இறங்கிய ‘கிளவுட்’

திருமணப் படங்கள், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கம், பிள்ளைகள் பார்க்கும் யூடியூப் காணொளி எல்லாம் ‘கிளவுட்’டில் இருப்பதாகச் சொல்கிறோம். பெயர்தான் மேகம், இருப்பதோ தரையில். ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்களே அவற்றின் இருப்பிடம். இவற்றைத் தரவு மையங்கள் என்கிறோம்.

ஜொகூரில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் இவை வேகமாகப் பெருகி வருகின்றன. கூலாயில் செம்பனை விளைந்த யங் தோட்ட நிலத்திலும் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. ஏன் ஜொகூர்? சிங்கப்பூரில் 2020-இல் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே பயன்படுத்தின. அக்குடியரசு 2019-இல் புதிய மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் வழிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியது.

இரவு பகலாக ஓடும் கணினிகள் கடுமையாகச் சூடேறும். பல மையங்கள் தண்ணீரை ஆவியாக்கி அச்சூட்டைத் தணிக்கின்றன. ஆவியான தண்ணீர் மீண்டும் குழாய்க்கு வராது. ஜொகூர், 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூருக்கு ஆற்று நீர் தரும் மாநிலம். வறட்சியில் தண்ணீர்ப் பங்கீட்டையும் கண்ட மாநிலம். மின்சாரமும் சும்மா வருவதில்லை. தீபகற்பத்தில் அதன் பெரும்பகுதி நிலக்கரி, எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது.

மாற்று வழிகள் உண்டு. சுத்திகரித்த கழிவுநீரைக் குளிரூட்டலுக்குப் பயன்படுத்தலாம். சூரிய சக்தியைக் கூட்டலாம். விண்ணப்பங்களை ஆராய 2024-இல் மாநில அரசு தனிக்குழு அமைத்து, ஒரு பகுதியை நிராகரித்தும் உள்ளது.

அடுத்தது வேலை. கட்டும்போது ஆட்கள் நிறைய வேண்டும். இயங்கத் தொடங்கியபின் சிலரே போதும். அந்தச் சிலரும் மின்னியல், குளிரூட்டி, கணினி வலையமைப்புத் திறன் உள்ளவர்களாக இருக்க வேண்டும். எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகள் இத்துறைகளில் தொழிற்பயிற்சி பெறாவிட்டால், வாசலில் காவல் வேலை மட்டுமே மிஞ்சும்.

கைப்பேசியில் நாலு படத்தை அழிப்பதால் பெரிய மாற்றம் வந்துவிடாது. கேள்வி கேட்பதால் வரும். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது ஆட்சேபம் தெரிவிக்க, 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இடம் தருகிறது. எந்தத் தண்ணீர், எவ்வளவு, உள்ளூர் மக்களுக்கு எத்தனை வேலை? கட்டடம் எழும்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.