செய்தி ஒன்று, எழுத்துப் பல

ஒருவர் இறந்தார், செய்தி ஒன்றே. அதனை எழுதும் முறையோ ஒன்றன்று.

இறப்புப் பதிவேட்டில் பெயர், வயது, நாள், காரணம் முதலியவையே இடம்பெறும். துயருக்கு அங்கு இடமில்லை. மகன் அலுவலகத்துக்கு வரையும் விண்ணப்பத்தில், 'தந்தையார் காலமானமையால்' என்னும் ஒரு தொடரில் செய்தி அடங்கிவிடும். அங்கு வேண்டப்படுவது விடுப்பே. நாளிதழ் அறிவிப்பிலோ இறந்தவரின் சமயமும் பேசும். சைவர் 'சிவபதம் அடைந்தார்' என்பர். கிறித்தவர் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்பர். முஸ்லிம்கள் 'வஃபாத்தானார்' என்பர். தந்தி வழக்கிலிருந்த காலத்தில், உயிர் பிரிந்த பின்னரும் 'தந்தை கவலைக்கிடம், உடனே வருக' என்றே வெளியூர் மகனுக்குத் தந்தி கொடுத்தவர் பலர். அவன் மனம் தளராமல் வீடு வந்து சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இத்தகைய வேறுபாட்டைத் தமிழிலக்கணம் முன்னரே கண்டு வகுத்துள்ளது. தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தவர் நன்னூலார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். கேட்பார் உள்ளம் நோக்கிச் சொல் மாறுதல் பிழையன்று, மரபே என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் வகுப்பறையில் இவ்விலக்கணம் தேர்வு வினாவோடு நின்றுவிடுகிறது. கடிதமோ 'நலம், நலமறிய ஆவல்' என்னும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. அவ்வாறு பழகிய மாணவன், தந்தையை இழந்த நண்பனுக்கு எழுதும் நாளிலும் அவ்வாறே தொடங்குவான். யாருக்கு, எதற்கு என்னும் இரு வினாக்களை எழுதுமுன் எழுப்பிக்கொள்ளப் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.