பட்டாசுப் பருவமும் ஓட்டப் பருவமும்

தமிழகப் பள்ளிகளின் விளையாட்டுக்கும் ஒரு பருவம் உண்டு. பள்ளி திறந்த சில வாரங்களில் குறுவட்டப் போட்டிகளுக்கான அறிவிப்பு வரும். அதில் வென்றவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்கும், அங்கு வென்றவர்கள் மாநிலப் போட்டிக்கும் செல்வர். அவற்றில் ஒன்றுக்குக் 'குடியரசு தின விழா தடகளப் போட்டிகள்' என்று பெயர் இருந்தாலும், யார் தேறுவர், யார் வீட்டுக்குத் திரும்புவர் என்பது பெரும்பாலும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையிலேயே முடிவாகி விடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்தில் அதே மாதங்கள் வேறொன்றின் பருவம். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று விரியும் இந்தக் கரிசல் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. தீபாவளி நெருங்க நெருங்க வெளிமாநில வணிகர்களின் நெருக்குதல் கூடும். கூலி பெரும்பாலும் செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதால், ஒரு குடும்பத்தில் எத்தனை கைகள் உழைக்கின்றனவோ அத்தனை வருமானம். தாய் விடியுமுன் கிளம்பி ஆலை வண்டியைப் பிடிக்கிறார். தம்பி தங்கைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதும், குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதும் 14, 15 வயது மகளின் பொறுப்பாகின்றன. அந்தச் சிறுமியிடம் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்கு வா என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்கிறார். அவள் வர மாட்டாள். ஊக்கமின்மை என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு நாம் நகர்ந்து விடுகிறோம்.

பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பு அது. விளையாட்டுக்குக் கட்டணம் இல்லை என்பதாலேயே அது இலவசமாகி விடாது. ஆகஸ்ட் மாதத்து விடியற்காலை ஒன்றின் விலை சென்னையில் ஒன்று, மாரனேரியில் வேறொன்று.

இந்தப் பின்னணியில், நம் பள்ளிகளில் அதிகம் பேசப்படாத ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத்தில் கிராஸ் கன்ட்ரி என்பார்கள். தமிழில் அதற்கு இன்னும் நிலைத்த பெயர் அமையவில்லை. நம்மூர் நிலத்துக்கு ஏற்பச் சொன்னால் காட்டோட்டம் எனலாம். வட்டப் பாதையை விட்டு, வரப்பு, மேடு, மணல், புல்வெளி என்று கிடைக்கும் நிலத்தில் சில கிலோமீட்டர் ஓடுவது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் வளர்ந்த இந்த ஓட்டம் 1912, 1920, 1924 ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. 1924-இல் பாரிஸ் நகரின் கடும் வெயிலில் ஓடிய 38 பேரில் 15 பேர் மட்டுமே முடிவுக் கோட்டைத் தொட்டனர். அத்துடன் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இன்றும் இலையுதிர்காலம் என்றாலே கிராஸ் கன்ட்ரிப் பருவம்தான். அங்குள்ள அணிகள் பல, பருவத்தின் ஊடே ஊருக்கான சேவைப் பணி ஒன்றையும் சேர்த்தே செய்கின்றன. இந்தியாவிலும் தேசிய அளவிலான போட்டி உண்டு. 16, 18, 20 வயதுக்குட்பட்டோருக்குத் தனித்தனிப் பிரிவுகளுடன் அது வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கிறது.

இதன் மதிப்பெண் முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தனியாளாக ஓடினாலும் வெற்றி அணிக்குரியது. உலகப் போட்டியில் ஓர் அணிக்கு ஆறு பேர் ஓடலாம். முதலில் வரும் நால்வரின் இடங்கள் கூட்டப்படும். கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணி வெல்லும். ஓர் அணியினர் 1, 2, 30, 40 ஆகிய இடங்களைப் பிடித்தால் அவர்களின் எண் 73. மற்றோர் அணியினர் 10, 12, 14, 16 ஆகிய இடங்களில் வந்தால் அவர்களுக்கு 52. முதல் இரண்டு இடங்களையும் பிடித்த அணி தோற்று, பத்துக்குள் ஒருவரை மட்டுமே கொண்ட அணி வெல்கிறது. நான்காவதாக வருபவர் 40-ஆம் இடத்திலிருந்து 30-ஆம் இடத்துக்கு முன்னேறுவது, அணியைப் பொருத்தவரை, ஒரு பெரும் பாய்ச்சல். பயிற்சியாளர் தன் கவனத்தை யார்மீது செலுத்த வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லி விடுகிறது. நம்முடைய பள்ளி விளையாட்டோ ஒரேயொரு பதக்கக்காரரைத் தேடி, அவர் கிடைத்ததும் மற்ற 40 பேரை வகுப்பறைக்கு அனுப்பி விடுகிறது.

பள்ளி ஒன்று இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு கென்யாவின் இடென் என்னும் சிற்றூர் சான்று. அங்குள்ள புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்கு 1976-இல் ஆசிரியராக வந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த கோல்ம் ஓ'கானல். தடகளப் பயிற்சியில் முறையான முன்னனுபவம் இல்லாத அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் 800 மீட்டரில் உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா. கென்ய ஆடவர் அணி 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள் உலக கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வைத்திருந்தது. அது மலைநாடு, இடென் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், உண்மைதான். புதுக்கோட்டையில் மலை இல்லையே! அந்த வறண்ட மாவட்டத்திலிருந்து, உள்ளூர்ப் பயிற்சியாளர் லோகநாதனிடம் பயின்று, கோ. லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றார். அவருடன் பயின்ற லோ. சூர்யா 2016-இல் தெற்காசியப் போட்டியில் அதே இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். மண் அதே மண். வெயிலும் அதே வெயில்தான்.

செலவைப் பாருங்கள். செயற்கை இழை ஓடுதளம் அமைக்கக் கோடிகள் வேண்டும்; அமைத்தாலும் அது மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும். காட்டோட்டத்துக்குக் கண்மாய்க் கரை போதும். சீமைக் கருவேல முள்ளை அகற்றி, மூன்று கிலோமீட்டர் சுற்று ஒன்றை அளந்து வைத்தால் அதுவே மைதானம். ஆனால், முள் இருக்கும் மண்ணில் வெறுங்காலுடன் ஓடச் சொல்லக் கூடாது. ஒரு ஜோடி காலணி கட்டாயம். அதைவிட முக்கியம் உணவு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புச்சத்து மாத்திரையும் முட்டையும் உறுதி செய்யப்படாமல் ஒரு சிறுமியை ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது பயிற்சியாகாது, கொடுமை. காமராஜர் 1956-இல் மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டு வந்தபோது கேட்ட கேள்வியேதான் இது: வெறும் வயிறு எதைக் கற்கும்?

ஏன் இந்த வட்டாரத்துக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. விடியற்காலையில் ஆலை வண்டிகள் கிராமம் கிராமமாகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கவும், பட்டாசுக்குக் குழாய் சுற்றவும், சரம் பின்னவும் சின்ன விரல்கள் தேடப்பட்டன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2010-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றாலும், கல்வியை வெறியாகவே கொண்ட பெற்றோராலும் நிலைமை பெருமளவு மாறியது. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்பதைத் தமிழகம் அறியும்.

சட்டத்தின் காவல் 14 வயதில் தளர்வதுதான் சிக்கல். 2016 திருத்தத்தின்படி 14 முதல் 18 வயதுவரை உள்ளோரை வெடிபொருள் தொழிலில் ஈடுபடுத்துவதும் குற்றமே. ஆயினும் கட்டாய இலவசக் கல்விக்கான உரிமை 14 வயதோடு முடிகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவனையும், பதினொன்றாம் வகுப்பில் சலிப்புற்றவனையும் பள்ளியோடு கட்டி வைக்க மதிப்பெண்ணைத் தவிர நம்மிடம் கயிறு இல்லை. மதிப்பெண்ணோ அவனுக்கு எதிராகவே வேலை செய்கிறது. தேர்ச்சி விகிதத்துக்காக உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் விட்டுக்கொடுத்த பள்ளிகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். முன்வரிசைக்கு நாம் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. இதை மறுப்பவர்கள் ஒரு வாரக் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த மாணவனிடமாவது கேட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் அணியில் நான்காமவனாக இருக்கும் ஒருவன் காலையில் வராவிட்டால், ஐந்து பேர் அவன் வீட்டு வாசலுக்குப் போவார்கள். வருகைப் பதிவேட்டால் அதைச் செய்ய முடியாது.

இனி சேவைக்கு வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளிகளிலும் அதன் அலகுகள் இயங்குகின்றன. கல்லூரியில் சில ஆண்டுகள் அதன் திட்ட அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைக் கூட்டுவதும், பார்த்தீனியச் செடியைப் பிடுங்குவதும், நிறைவு நாளில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதும் வழக்கமாகி விட்டன. மாணவர்கள் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். கிராமத்துக்கு என்ன கிடைத்தது என்று மறு ஆண்டு போய்ப் பார்த்தால், பார்த்தீனியம் கிடைத்திருக்கும்.

பட்டாசு வட்டாரத்துக்கு வேண்டிய சேவை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் அளவுக்கு உயிரிழந்தனர். அவர்களில் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்தவர். இரக்கமே அவர்களைக் கொன்றது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வெடித்த ஆலையை நோக்கி ஓடக் கூடாது. முதல் வெடிப்புக்குப் பின் இரண்டாவது வரலாம். தீக்காயத்தின்மீது ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடங்களாவது ஊற்ற வேண்டும். பற்பசை, மை, மாவு எதையும் பூசக் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. 108-ஐ அழைக்கும்போது ஊரின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவற்றை ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வல்லவர்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே. வார இறுதியில் பள்ளியிலிருந்து அடுத்த கிராமம்வரை ஓடுவது பயிற்சி. அங்கு ஒரு மணி நேரம் இதைச் செய்து காட்டுவது சேவை. நீண்டநாள் பள்ளிக்கு வராத மாணவரின் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவதும் சேவைதான்.

ஓர் எச்சரிக்கை. ஆலைகளைக் கண்காணிப்பதும், கள்ளத்தனமாகப் பட்டாசு செய்யும் வீடுகளைக் காட்டிக் கொடுப்பதும் மாணவர் வேலையாகவே கூடாது. அதற்கு வருவாய்த்துறையும், தொழிலகப் பாதுகாப்புத்துறையும், காவல்துறையும் இருக்கின்றன. அணியில் ஓடும் பிள்ளையின் தாயே அந்த வீட்டில் சரம் பின்னுபவராக இருக்கக்கூடும். ஓடும் பாதையும் ஆலைகளிலிருந்து தள்ளியே அமைய வேண்டும்.

பெற்றோர் இதை ஏற்பார்களா என்று கேட்கலாம். பெண் பிள்ளை அரைக்கால் சட்டையுடன் கண்மாய்க் கரையில் ஓடுவதா என்ற முணுமுணுப்பு இருக்கும். முழுக்கால் சட்டையுடன் ஓடட்டும்; எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. தனியே ஓடும் பெண்ணுக்குத்தான் பயம். ஆறு பேராக, ஆசிரியை மிதிவண்டியில் உடன்வர ஓடும்போது ஊரே காவலாகி விடுகிறது. 'ஓடி என்ன கிடைக்கும்?' என்பது அடுத்த கேள்வி. பொறியியல் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அதைக் காட்டி யாரையும் ஓட அழைக்க நான் விரும்பவில்லை. இடங்கள் சில நூறு, ஓடுபவர்கள் ஆயிரக்கணக்கில். கணக்கு தெரிந்த பெற்றோர் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள்.

காலத்தை மாற்றுவதே நான் முன்வைக்கும் முதன்மையான கோரிக்கை. தீபாவளி முடிந்ததும் பெரும்பாலான ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் மருந்தும் பட்டாசும் வெயிலில் உலராது என்பதால் அதன் பிறகும் வேலை மந்தமே. தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள். மூத்த மகளின் காலைப்பொழுது அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். கண்மாயில் நீர் இருக்கும், கரை மண் காலுக்கு இதமாக இருக்கும், வெயில் தாழ்ந்திருக்கும். கார்த்திகையிலிருந்து பொங்கல்வரை இம்மாவட்டத்துக்கென ஒரு காட்டோட்டப் பருவத்தை வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. முதன்மைக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும். தேசியப் போட்டியின் காலத்தோடும் அது ஒத்துப் போகும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கிடுவது உண்மைதான். எனவே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரை விட்டுவிடலாம். ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பினர் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டு விட்டதால், அந்த ஓராண்டு கையில் வந்து விழுந்திருக்கிறது. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தி முடிக்கச் சில பள்ளிகள் இப்போதே கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும். அதற்குள் யாராவது ஒரு கண்மாய்க் கரையை அளந்து வைத்து விடுவது நல்லது.