ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள்

வானொலிப் பெட்டியின் முள்ளை 90.4 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். கிண்டியில் இருந்தால், அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கிய நிலையம் அந்த எண்ணில்தான். செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் ‘முத்துச்சரம்’ வானொலிக்கும் அதே எண்! இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டும் மோதிக்கொள்ளாதா?

மோதாமல் காப்பது உரிமத்தின் விதிகள். வளாக வானொலியின் வீச்சுத்திறன் பொதுவாக 100 வாட். அலைக்கம்பம் 30 மீட்டர் உயரம் வரை. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கட்டடங்களும் பூமியின் வளைவும் தடுப்பதால், 10, 15 கிலோமீட்டருக்குள் ஒலி தேய்ந்துவிடும்.

மாமல்லபுரம் அதற்கும் அப்பால் உள்ளது. அங்கே நீங்களே ஒரு கருவி செய்து ஒலிபரப்பலாமா? கூடாது. சரியாக அமையாத கருவி, வேண்டாத அதிர்வெண்களையும் கசியவிடும். பண்பலை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை அடுத்திருப்பவை விமானங்கள் வழியறியவும் பேசவும் பயன்படுத்தும் அலைகள். விமானியின் காதில் உங்கள் பாட்டு விழுந்தால் என்ன ஆகும்?

எனவே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். தொலைத்தொடர்புத் துறை அதிர்வெண் ஒதுக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் தயாராக வேண்டும். ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக்கூடாது.

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஊர்க் கிணற்றைப் போல, முறைவைத்து இறைத்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.