பழைய சைக்கிளுக்கு ஒரு சக்கரம் கூட்டினால்

வாசகர் ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயுள் முழுக்க ஹெர்குலிஸ் மிதித்தவர். பக்கவாதம் வந்து தேறிவிட்டார். கை கால் பழையபடி அசைகின்றன, உடம்பின் நிதானம் மட்டும் திரும்பவில்லை. சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை எடைக்குக் கேட்டு ஆள் வருகிறது. பெரியவரோ தினமும் அதைத் துடைத்து வைக்கிறார். அதிலேயே இன்னொரு சக்கரம் சேர்த்து அவரை ஓட்டவைக்க முடியுமா என்று கேட்கிறார் மகன்.

முடியும். மூன்று சக்கரத்தில் போகலாமா என்று அதே டாக்டரிடம் கேட்டுவிட்டு, நல்ல லேத் பட்டறை ஒன்றைப் பிடியுங்கள். வண்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற 28 அங்குல வண்டிகளின் சட்டம் எஃகுக் குழாய்களை மூட்டில் செருகி, பித்தளை உருக்கிப் பற்றவைத்தது. மூட்டைக் காய்ச்சினால் பித்தளை இளகும், குழாயைப் பிரிக்கலாம், வேறு விதமாகச் சேர்த்து மறுபடி பித்தளை ஓட்டலாம். பிரித்துக் கட்டுவதற்கென்றே செய்ததுபோல அமைந்த சட்டம் அது. ஒரே ஒரு நிபந்தனை: கேஸ் வைத்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கரண்ட் வெல்டிங் ராடை அந்த மெல்லிய குழாயில் வைத்தால் நொடியில் ஓட்டை விழும்.

இன்னொரு வசதி, உதிரிபாகம். ஒரு கம்பெனிப் பெடல் இன்னொரு கம்பெனி வண்டிக்குச் சேரும், செயினும் சேரும், ஃப்ரீவீலும் சேரும். காயலான் கடையில் நாலைந்து செத்த வண்டிகளைப் புரட்டினால் ஒரு மூன்று சக்கர வண்டிக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பழைய ராலேயில் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் மற்ற வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 புரி, ராலேக்கு 26. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பலவந்தமாக ஏற்றினால் சட்டத்தின் புரியே போய்விடும்.

பிரிக்கும்போது எல்லோரும் மல்லுக்கட்டுவது கிராங்கின் காட்டர் பின்னோடு. முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் நட்டை முழுவதும் கழற்றாமல், புரியின் முனையோடு சமமாக நிற்கும்வரை திருப்பி விட்டுவிடுங்கள். சுத்தியல் அடி நட்டில் விழும், பின்னின் புரி பிழைக்கும். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே இறங்கும்படி, தரையில் ஊன்றிய கனமான இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுங்கள். பிறகு ஓங்கி ஒரே அடி. முட்டுக்கொடுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் அடி முழுவதும் பெடல் அச்சின் பால்ரஸ் குண்டுகளுக்குப் போய்ச் சேரும், பின்னும் வளைந்து உள்ளேயே இறுகிவிடும்.

முன்பாதி அப்படியே இருக்கட்டும். ஹேண்டில்பார், போர்க், முன்சக்கரம், சீட் எதையும் மாற்ற வேண்டாம். மாற வேண்டியது பின்பாதி. சைக்கிளின் பின்ஹப்பை அச்சின் ஒரு முனையில் தொங்கவிட முடியாது. இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த ஒல்லி அச்சு அது, ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வளைந்துவிடும். 20 மி.மீ. எஃகுக் கம்பியை நீள அச்சாக வைத்து, 204 நம்பர் பிளம்மர் பிளாக் என்ற பேரிங் பெட்டிகள் இரண்டில் அதை உட்கார்த்தி, அந்தப் பெட்டிகளை வண்டியின் பின்முட்கரண்டியிலேயே போல்ட் போட்டு இறுக்குவார்கள். சட்டத்தை வெட்டக்கூடத் தேவையில்லை.

அந்த அச்சில் இரண்டு சக்கரத்தையும் அசையாமல் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். நேர்ரோட்டில் வண்டி போகவும் செய்யும், திரும்ப மட்டும் மறுக்கும். சிறு வயதில் எங்கள் ஊரில் தேர் வீதிமுனையில் திரும்பும்போது நான் வடத்தைப் பார்த்ததே இல்லை, சக்கரத்தைத்தான் பார்ப்பேன். உள்பக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். வெளிப்பக்கச் சக்கரம் வீதியையே அளந்துகொண்டு வரும். நம் வண்டிக்கும் அதே கணக்கு. பின்சக்கரங்களுக்கு இடையே 75 செ.மீ. அகலம் என்றால், ஒரு தெருமுனை திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 118 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். ஒடித்துத் திரும்பினாலும் அகலமாக வளைந்து போனாலும் இந்த 118 மாறாது. அச்சில் இரண்டும் பூட்டிக் கிடந்தால் இந்த வித்தியாசத்தை டயர் தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லியும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார். 1877 வாக்கில் அவரும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். மகனின் மிதி பலமாக இருந்ததால் வண்டி ஒருபக்கமாக இழுத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது என்று சொல்வார்கள். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றியபடியே மிதியை வாங்கிக்கொள்ள, நடுவில் பல்சக்கரங்களை வைத்து வழி செய்தார் ஸ்டார்லி. இன்று கார், லாரிகளில் சக்கரங்களை உந்தும் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல்தான் அது. பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக முன்பே காப்புரிமை வாங்கியிருந்தாலும், மனிதன் மிதிக்கும் வண்டிக்கு அதைக் கொண்டுவந்தவர் ஸ்டார்லி. 1881-ல் விக்டோரியா மகாராணியே அவருடைய மூன்று சக்கர வண்டிகளை வாங்கினார். 1886-ல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டிக்கும் மூன்று சக்கரம், கம்பிச் சக்கரம், டிஃபரன்ஷியல். காரின் பரம்பரையைத் தேடிப் போனால் ஒரு சைக்கிள் பட்டறை வாசலில் போய் நிற்போம்.

நம் பட்டறைக்கு டிஃபரன்ஷியல் தேவையில்லை. சைக்கிள் ரிக்‌ஷா செய்தவர்கள் சுலபமான வழியைக் காட்டியிருக்கிறார்கள்: மிதியை ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் கொடு, மற்றதைச் சும்மா சுற்றவிடு. தமிழ்நாட்டில் 1973-ல் கைரிக்‌ஷாவை ஒழித்து அதை இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பழைய இரும்புக் கடையில் ரிக்‌ஷா அச்சு ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள், பாதி லேத் வேலை மிச்சம்.

எந்தச் சக்கரத்துக்கு மிதி? பலரும் யோசிக்காமல் வலதுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், செயின் அந்தப் பக்கம் இருப்பதால். இடதுக்குக் கொடுங்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போடுகிறார்கள். இடப்பக்கம் போகிற நம் வண்டி எப்போதும் இடது ஓரத்தை நோக்கி நழுவப் பார்க்கும். இடது சக்கரம் மட்டும் உந்தினால் வண்டியின் மூக்கு கொஞ்சம் வலது பக்கம் திரும்பும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், ஓட்டுகிறவரின் தோள்பட்டை வலிக்காது.

பின்சக்கரத்துக்கு 28 அங்குலம் வேண்டாம். இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது சாய்ந்துகொடுக்கிறது, அதனால் பாரம் எப்போதும் ரிம்மின் நேர்வாக்கில் இறங்குகிறது. மூன்று சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டு உந்தல் முழுவதையும் ஸ்போக்ஸ் கம்பிதான் தாங்க வேண்டும். சக்கரம் சிறியதானால் கம்பியும் குட்டை, உறுதியும் கூடுதல். 24 அங்குலம் சரியாக இருக்கும். மிதியும் லேசாகும்: முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் 28 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்குச் சுமார் 5.5 மீட்டர் ஓடும், 24 அங்குலம் 4.7 மீட்டர்தான். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் 3.8 மீட்டர். வயதான முழங்காலுக்கு அது போதும்.

இந்த வண்டியைப் பற்றிய என் பெரிய ஆச்சரியம் இனிமேல்தான். சைக்கிளே ஓட்டத் தெரியாதவர் இதில் ஏறி உட்கார்ந்தால் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தவர் ஏறினால் பத்தடியில் வேலியில் கொண்டுபோய் விடுவார்.

காரணம் கைகளில் இருக்கிறது. சைக்கிளில் உடம்பு இடது பக்கம் சரிந்தால் நம் கை தானாகவே ஹேண்டிலை இடதுக்குத் திருப்பும். சரிகிற பக்கத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுபோய் உடம்புக்கு அடியில் வைப்பதுதான் நாம் நிதானம் என்று சொல்வது. அதேபோல, இடது பக்கம் திரும்ப நினைத்தால் முதலில் ஒரு கணம் ஹேண்டிலை வலதுக்குத் தட்டுகிறோம். உடம்பு இடப்பக்கம் சாய்ந்த பிறகே திரும்புகிறோம். இது யாருக்கும் தெரிவதில்லை. விமானம் செய்வதற்கு முன்னால் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். தாங்கள் உண்மையில் செய்வதைச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் மூன்று சக்கரத்தில் ஏறுகிறார். ரோட்டோரச் சரிவில் வண்டி இடது பக்கம் சாய்கிறது. விழப்போகிறோம் என்று உடம்பு நினைக்கிறது, கை இடதுக்குத் திருப்புகிறது. சைக்கிளாக இருந்தால் நிமிர்ந்திருக்கும். இதுவோ திருப்பிய பக்கம் அப்படியே போகிறது, அங்கே வாய்க்கால் இருக்கிறது. பயந்து இன்னும் திருப்புகிறார். பார்க்கிறவர்கள் வண்டியில் கோளாறு என்பார்கள், பெரியவருக்குக் கை நடுங்குகிறது என்பார்கள். இரண்டும் தப்பு. நாற்பது வருடத் திறமை அங்கே குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். சமதளமான காலி மைதானத்தில், ஒருவர் பக்கத்திலேயே நடந்துவர, காரின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்து மெதுவாக ஓட்டப் பழகட்டும். கை புதிதாகக் கற்றுக்கொள்ளும். முதல் நாளே மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, அப்பாவுக்கு இது சரிப்படாது என்று வண்டியை மூலையில் போடுவதுதான் அநியாயம்.

விழவே விழாது என்றும் நம்ப வேண்டாம். 75 செ.மீ. அகலம், சாதாரண சைக்கிள் சீட் உயரம் என்று வைத்தால், 3 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். திரும்புமுன் வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். சீட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்குங்கள், சாமான் கூடையையும் அச்சுக்கு மேலே தாழ்வாக வையுங்கள்.

பிரேக் இரண்டும் முன்சக்கரத்துக்கே இருக்கட்டும். பின்னால் ஒரு சக்கரத்தில் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பழைய கம்பி பிரேக் ஒன்று, கேபிள் பிரேக் ஒன்று. இரண்டில் ஒன்றைப் பிடித்த நிலையிலேயே கொக்கி போட்டு நிறுத்த வசதி வேண்டும். ஸ்டாண்டு இல்லாத வண்டி இது. ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கரம் உருண்டால், சாலையில் விழாதவர் வாசலில் விழுவார்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கைப்பெடல் மூன்று சக்கர வண்டிகளை மேடை போட்டு வழங்குகிறோம். நல்ல காரியம். ஆனால் செயின் அறுந்தால், டயர் வெடித்தால் எங்கே போவது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. வண்டி ஒரு மழைக்காலம் தாங்குகிறது, பிறகு வீட்டுக்குப் பின்னால் கொடி படர்கிறது. தெருமுனைச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பாகத்தால் கட்டிய வண்டிக்கு அந்தக் கதி வராது. கோட்டம் எடுக்கவும் ஓவராயில் செய்யவும் தெரிந்த கைகள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு நாம்தான் வேலை கொடுப்பதில்லை. நிதானம் போன மனிதரை வீட்டுக்குள் உட்காரவைத்து, வேண்டியதை வாங்கித் தருகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். டீக்கடைக்குத் தானே போய்வருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் கேட்பதேயில்லை.

ஒன்று மட்டும் அச்சை வெட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஹப்பும் நட்டும் சேர்ந்து பின்பக்கம் மொத்தம் 85 செ.மீ. வரை வந்துவிடும். வீட்டு வெளிக்கதவின் ஒற்றைப் பாதியைத் திறந்தால் எத்தனை செ.மீ. கிடைக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொண்டு, அதற்குப் பிறகு பட்டறைக்குப் போங்கள். வாசலில் படி இருந்தால் கொத்தனாரையும் அதே வாரம் கூப்பிட்டு, படியோரம் அகலமான சிமெண்டுச் சரிவு ஒன்று போடச் சொல்லுங்கள். சரிவின் மேற்பரப்பைப் பூசி வழுவழுப்பாக்க விடாதீர்கள், துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.