ஸ்பைவேர் போனது, இன்டர்நெட்டும் போனதா?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர், வீட்டுக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யப் போவதாக போனில் சொன்னார். ஆன்ட்டி ஸ்பைவேர் கொண்டு ஸ்கேன் செய்து, அகப்பட்டதை எல்லாம் நீக்கியிருக்கிறார். அதன்பின் எந்த இணையதளமும் திறக்கவில்லை. மகளின் சிறு வயதுப் படங்கள் அதில்தான். வேறு காப்பி இல்லை. பொறுக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

சில ஸ்பைவேர்கள், பிரவுசர் தம் வழியாகவே செல்லும்படி பிராக்ஸி முகவரியை 127.0.0.1 என மாற்றிவிடும். இது உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் எண். ஸ்பைவேரை நீக்கினாலும் இந்த மாற்றம் தங்கிவிடலாம். பிரவுசர் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி சென்று 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' என்பதை ஆஃப் செய்யுங்கள். சரியாகவில்லையா? கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' கட்டளை கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நண்பருக்கு முதல் வழியிலேயே இணையம் வந்தது. படங்களை அன்றே பென் டிரைவில் காப்பி எடுத்தோம்.