ஒரே சோறும் இரு கிடங்குகளும்

கதிரவெளிக் கரையில் விடியலிற் கரைவலை இழுத்தவரும், அலுவலக நாற்காலியை விட்டு எழாதவரும் பகலில் ஒரே பானைச் சோற்றை உண்பினும், அச்சோறு உடலிற் சென்று சேருமிடம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டையே இங்கு விளக்கப் புகுகின்றோம்.

சோற்றின் மாப்பொருள் சமித்துக் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. சதையி சுரக்கும் இன்சுலினின் ஏவலால் அது ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. ஈரல் ஏறத்தாழ 100 கிராமும், தசைகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிராமும் கொள்வன, பெருங்கிடங்கு தசையே. வலை இழுத்தவரின் தசைக் கிடங்கிற் காலியிடம் உண்டு. அது குளுக்கோசை விரைந்து ஏற்கும். உழையாதவரின் தசையிலோ முன்னைய உணவின் சேமிப்பே செலவாகாது கிடக்கும். தசையிழைகளிற் கொழுப்புத் தேங்குமாயின் இன்சுலினின் ஏவலும் அங்கே வலுவிழக்கும். (ஓட்ட வீரரின் தசையிலும் கொழுப்புண்டு, ஆயின் அவர் அதனை நாளும் எரித்துவிடுவர்.)

தசை ஏற்காத குளுக்கோசின் ஒரு பகுதியை ஈரல் கொழுப்பாக மாற்றுகின்றது. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை நேரில் அளந்து காட்டினர். இன்சுலினுக்கு இணங்காத தசையுடைய மெலிந்த இளைஞரில், உணவின் பின் தசைக் கிளைக்கோசன் ஆக்கம் 60 வீதம் குறைந்திருந்தது. ஈரலிற் புதுக்கொழுப்பின் ஆக்கம் இரு மடங்குக்கு மேலாயிருந்தது. மெலிந்தவர் என்பதைக் கவனித்தல் வேண்டும். தொந்தியில்லை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

நம் நாட்டு நிலையும் சிறியதன்று. றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதினரிடை களனிப் பல்கலைக்கழக மருத்துவர் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவினாலன்றி ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்தது. அவருட் சிலருக்கு அது ஈரல் அழற்சியாகவும், காலப்போக்கில் ஈரல் இறுக்கமாகவும் முற்றக்கூடும். நீரிழிவும் அதனோடு உறவுடையது.

யேல் குழுவினர் 2011 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இத்தகைய இளைஞரை உணவுக்கு முன் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்வித்தனர். தசை குளுக்கோசை மீண்டும் ஏற்றது. ஈரலின் புதுக்கொழுப்பாக்கம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது.

சீனி வேறு வகையது. அதிற் பாதி பிரக்டோசு. அதனைப் பெரும்பாலும் குடலும் ஈரலுமே கையாளுகின்றன, தசைக்கு எஞ்சுவது சிறிதே. ஆதலின் விருந்தின் ஈற்றில் வரும் நம் எருமைத் தயிரை நாம் குறைகூறோம். அதன்மேல் வார்க்கும் பாணியையே கணக்கிட வேண்டும்.